குவைத்திலிருந்து வந்த கசெட்

அந்தக் கசெட்டின் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. கறுப்புப் பிளாஸ்டிக். மேலே ஒட்டியிருந்த காகிதத்தில் நீலப் பேனாவால் அரபியில் ஏதோ எழுதியிருந்தது. அதன் மேல் தண்ணீர் பட்டுக் கலைந்திருந்தது. அதில் பாட்டு இல்லை, பேச்சு இல்லை, வாத்தியம் என்று நாம் சொல்லக்கூடிய எதுவும் இல்லை. பெரிய தகரக் கூரை ஒன்றை யாரோ அவசரமில்லாமல் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு போவது போலவும், மோட்டர் ஒன்று ஓடிக்கொண்டே மூச்சு வாங்குவது போலவும் சத்தம் மட்டும்தான். இப்படிப்பட்ட சத்தத்தை உட்கார்ந்து கேட்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்றும், அதை இசை என்று பதிந்து வெளியிடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றும் எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. முதலில் அது எனக்கு ஒரு ரிப்பேர் வேலையாக வந்தது.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். ரத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் கொஞ்சக் காலம், லொறியில் கிளீனராகக் கொஞ்சக் காலம், லவுட்ஸ்பீக்கர் செட் வாடகைக்கு விடுகிறவரோடு ஊர் ஊராகக் கொஞ்சக் காலம் என்று சுற்றினேன். எண்பத்து மூன்றில் மாத்தளையில் தமிழர் கடைகள் எரிந்தபோது வவுனியாவுக்கு ஓடினேன். அங்கே கால் தரிக்கவில்லை, திரும்பி வந்தேன். வந்த இடத்தில் மாத்தளை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு ரெக்கோடிங் பாரில் வேலை கிடைத்தது. நான் எந்த வேலையிலும் நிலைக்காதவன். அந்தக் கடையில் மட்டும் அதிக நாள் இருந்தேன்.

ரெக்கோடிங் பார் என்றால் இந்தக் காலத்தில் விளங்கப்படுத்த வேண்டும். வேண்டிய பாட்டுகளை எழுதி, ஒரு கசெட்டோடு கொண்டு வந்து கொடுப்பார்கள். நாங்கள் பதிந்து கொடுப்போம். எங்கள் கடைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போன பெண்களின் குடும்பங்கள் வந்து, பேசிப் பதிந்து, கசெட்டைத் தபாலில் அனுப்புவார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு அதுதான் கடிதம். பின்பக்கம் பலகை அடித்த சின்ன அறை. சுவரெல்லாம் முட்டை அட்டை. மைக்கைப் பார்த்ததும் சிலர் மேடைப் பேச்சாளர் மாதிரி ஆகிவிடுவார்கள். சிலர் 'நல்லா இருக்கியா' என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஹெட்போனோடு இருப்பேன். மாடு கன்று போட்டதையும் மச்சான் குடித்துவிட்டு விழுந்ததையும் ஊரில் எல்லாருக்கும் முன்னால் நான் கேட்டுவிடுவேன்.

முதலாளி முஸ்லிம், மாத்தளையில் பல தலைமுறை வியாபாரக் குடும்பம். நல்ல மனிதர், ஆனால் சாமான் மாற்ற மனம் வராது. ஒரு டெக்கில் பழைய பதிவை அழிக்கும் ஹெட் தேய்ந்துபோயிருந்தது. புதுப் பாட்டுக்கு அடியில் பழைய பாட்டு எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கும். மாற்றச் சொல்லி நான் கேட்காத நாள் இல்லை.

"ஒனக்கு மட்டும்தான்டா அது கேக்குது. ஒன்ட காத மாத்து, செலவு கொறைவு" என்பார்.

குவைத்துக்குள் ஈராக் படை புகுந்ததாக வானொலி சொன்ன வருடம் அது. அதற்கு முந்தைய இரண்டு வருடமும் எங்கள் மாவட்டம் பட்ட பாடு வேறு. கிளர்ச்சிக்காரர்கள் கடையை மூடச் சொல்வார்கள், ராணுவம் திறக்கச் சொல்லும். ஆற்றில் மிதந்து வந்த பிணங்களைப் பார்க்காமல் நடக்கப் பழகியிருந்தோம். அதெல்லாம் அடங்கி, ஜனங்கள் மறுபடி பாட்டுப் பதிய வந்துகொண்டிருந்த நேரத்தில் ஒரு மழைப் பகலில் அந்த அம்மா வந்தார்.

பலாபத்வலைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. கைக்குட்டையில் சுற்றிய கசெட்டை மேசையில் வைத்தார். கை கழுவியிருந்தாலும் றப்பர் பாலின் புளித்த வாசம் போகவில்லை.

"தம்பி, இதுல எம்மக பேசியிருக்கா. சத்தம் வந்து மூடிக்கிருச்சு. சத்தத்த எடுத்துட்டுப் பேச்ச மட்டும் குடுங்க."

மகள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அதே தெருவில் வேலை செய்த கலேவெலப் பெண் ஒருத்தி ஊருக்குத் திரும்பும்போது, அவளிடம் சவர்க்காரம், பால் மா, ஒரு சீலை, இந்தக் கசெட் எல்லாம் கொடுத்துவிட்டிருக்கிறாள். அவள் வந்து சேர்ந்த கொஞ்ச நாளில் அங்கே சண்டை தொடங்கிவிட்டது. செய்தி கேட்டு இந்த அம்மா கலேவெலைக்கு ஓடியிருக்கிறார். அந்தப் பெண் புருஷன் ஊருக்குப் போய்விட்டாளாம். அவளுடைய அண்ணன் மனைவிதான் சாமானை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். சண்டைக்குப் பிறகு மகளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. இருக்கிறாளா இல்லையா என்றும் தெரியாது. கையில் மிஞ்சியது இந்தக் கசெட் ஒன்றுதான்.

முதலாளி கொஞ்சம் ஓடவிட்டுக் கேட்டார். முகம் சுருங்கிவிட்டது.

"அம்மா, இது அரிசியில கல்லுப் பொறுக்குற மாதிரி லேசான வேல இல்ல."

"அரிசியில கல்லுப் பொறுக்குறது லேசுன்னு யாரு சொன்னா மொதலாளி? ஒரு நாளு பொறுக்கிப் பாருங்க."

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கசெட்டை என் பக்கம் தள்ளினார். "ஏசி மெசினுக்குப் பக்கத்துல வெச்சிப் பேசியிரிக்கும் புள்ள. கீச்சுச் சத்தத்தக் கொறச்சிப் பாரு."

எங்கள் யாருக்கும் வேறு யோசனை வரவில்லை. வெளிநாட்டிலிருந்து மகள் அனுப்பிய கசெட் என்றால் அதில் மகளின் பேச்சுத்தான் இருக்கும். அது கேட்கவில்லையென்றால் கசெட்டில் கோளாறு. மாத்தளையில் வேறு எப்படி நினைப்பது?

தெரிந்த வித்தை எல்லாம் செய்தேன். ஸ்பிரிட் போட்டு ஹெட்டைத் துடைத்தேன். சின்ன ஸ்க்ரூ டிரைவரால் ஹெட்டின் சாய்வைத் திருப்பினேன். கசெட்டைக் கழற்றிச் சுருளைத் தலைகீழாகப் போட்டுக் கேட்டேன். ஈக்குவலைசரில் ஒவ்வொரு குமிழாக ஏற்றி இறக்கினேன். சத்தம் தடிக்கும், மெலியும், தூரம் போகும், பக்கத்தில் வரும். பேச்சு வராது.

மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. மழை நாட்களில் அந்த அம்மா பஸ் ஏறி வந்துவிடுவார். காலையில் மேகம் மூடினால் நானே பெஞ்சைத் துடைத்து வைக்கத் தொடங்கினேன். ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டு, ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்பார். திடீரென்று என் சட்டையைப் பிடிப்பார்.

"இந்தா, இந்த எடம். 'அம்மா'ங்கிறா. கேளுங்க."

கேட்டேன். துருப்பிடித்த கீல் ஒன்று திரும்புகிற சத்தம். ஆனால் அவர் சொன்ன பிறகு கேட்டால், எனக்கும் அது அப்படித்தான் கேட்டது. இன்னொரு இடத்தில் அவள் இருமுகிறாள் என்றார். அதுவும் கேட்டது.

அவர் போன பிறகு முதலாளி மெதுவாகச் சொன்னார்: "இல்லாதத அந்த மனுசிக்குக் கேக்க வெக்காதடா. பொறகு ஒன்னாலயும் எடுக்க ஏலாது, என்னாலயும் எடுக்க ஏலாது."

"இருக்கான்னு இன்னும் முழுசாப் பாக்கலயே முதலாளி."

"நீ பாக்கப் போறியா, கேட்டு ரசிக்கப் போறியா? சாப்பாட்டுக்கும் எழும்பாம இரிக்கிற."

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. பேச்சைத் தேடித்தான் கேட்கத் தொடங்கினேன். தேடுகிறவன் ஒரு சத்தத்தையும் தவறவிட முடியாது. அப்படிக் கேட்டதில், மொத்தமாக இரைச்சல் என்று நினைத்தது தனித்தனியாகப் பிரிந்து வந்தது. அடியில் ஒரு முணுமுணுப்பு. அது நிற்பதே இல்லை. அதன் மேல் தகரம். தகரத்துக்குப் பின்னால் எங்கேயோ மூன்று தட்டு, ஓர் இடைவெளி, இன்னொரு தட்டு. கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்த காலத்தில் காற்றாடிகளுக்கு நடுவில் நின்று, கேட்காதது போலவே நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் ஞாபகத்துக்கு வந்தது. அந்த நாட்களில் அது காதைத் தின்றது. இப்போது நானே ஹெட்போனை மாட்டி அதைத் தேடிப் போகிறேன். எரிந்த கடைகளும் ஓடிய ஓட்டமும் மனதில் ஒரு ஓரத்தில் எப்போதும் கலகலத்துக்கொண்டிருக்கும். இந்தச் சத்தம் ஓடும்போது அது அடங்கிவிடும். ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பாட்டுக் கேட்டு எனக்கு அப்படி நடந்ததில்லை.

ஒரு பகல், கடையில் ஆள் இல்லாத நேரம், முதல் பக்கத்தை நடுவில் நிறுத்தாமல் கேட்டேன். ஓரிடத்தில் தகரம் முதலில் ஒதுங்கியது. பிறகு தட்டு நின்றது. முணுமுணுப்பு மட்டும் கொஞ்ச நேரம் தனியாக இருந்து, அதுவும் தேய்ந்து போனது. பிறகு வெறுமை. நாங்கள் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் விடுவோமே, அதே அளவு வெறுமை. அடுத்தது தொடங்கியது. அது முடிந்ததும் அதே அளவு வெறுமை.

தேடும்போது துண்டு துண்டாக ஓட்டியதால் இது எனக்குப் பிடிபடவே இல்லை. பாட்டுக்கு நடுவில் இடைவெளி விடுவதே தொழிலாக இருந்தவன் நான். ஏசி மெஷின் இப்படி இடைவெளி விட்டுப் பாடாது. யாரோ உட்கார்ந்து, இந்தத் தகரம் இங்கே வர வேண்டும், இந்தத் தட்டு இங்கே நிற்க வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கிறார்கள். இது கெட்டுப்போன கடிதம் இல்லை. இதுவும் ஒரு பாட்டுக் கசெட்தான்.

தனியாக இருந்து வாய்விட்டுச் சிரித்தேன். முதலாளி முன்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எனத்துக்குடா சிரிக்கிற? பைத்தியம் புடிச்சிட்டா?"

"முதலாளி, இது கோளாறு இல்ல. இப்படித்தான் செஞ்சிருக்காங்க. வேணும்னே செஞ்சிருக்காங்க."

அவர் என்னையும் டெக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. அந்த மனுசிக்கு எப்படிச் சொல்லப் போற?"

சிரிப்பு அதோடு நின்றது.

அடுத்த நாள் மழை. அம்மா வந்தார். ஹெட்போனைக் கையில் கொடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: "அம்மா, இதுல உங்க மக பேசல. இது யாரோ செஞ்ச மியூசிக் கசெட். எந்த எடத்திலயும் பேச்சு இல்ல. ரெண்டு பக்கமும் முழுசாக் கேட்டுட்டேன்."

"மியூசிக்கா?" அவருக்குக் கோபம் வந்தது. "யாரு தம்பி இதப் போய்க் கேப்பாங்க? தகரத்த இழுக்குறதக் கேக்கணும்னா நாங்க இருக்குற தகரக் கூரை லயத்துக்கு வரச் சொல்லுங்க. காத்தடிச்சா சும்மாவே கேக்கலாம்."

அவர் வெளியே மழையைப் பார்த்தார்.

"அப்ப எம்மக இதுக்குள்ள இல்ல?"

"இல்லம்மா."

"நல்லாக் கேட்டீங்களா?"

"நல்லாக் கேட்டேன்."

அவர் அழுவார் என்றுதான் நினைத்தேன். முதலாளியும் அப்படித்தான் நினைத்து, பக்கத்துக் கடையிலிருந்து பால் விடாத பிளேன்டீ எடுத்து வந்து கையில் வைத்துக்கொண்டு நின்றார். அம்மா ஜெபமாலையை விரலிலிருந்து கழற்றிப் பையில் போட்டார்.

"அப்ப நல்லது தம்பி. இத்தன நாளா அவ அந்தச் சத்தத்துக்குள்ள மாட்டிக்கிட்டுக் கெடக்குறான்னு நெனச்சேன். ராவெல்லாம் அதுதான். அவ அங்க இல்லன்னா நல்லதுதானே. வேற எங்கயாவது இருப்பா."

பிறகு பிளேன்டீயை வாங்கிக் குடித்தார். முதலாளியிடம், "சீனி போதல" என்றார்.

கசெட்டை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். மகள் வந்தால் கேட்போம், அதுவரை பத்திரமாக வைத்திருங்கள் என்றார். நான் ஒரு பிரதி எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் மழை நாட்களில் வந்தார். எங்கள் வானொலியில் செய்தி கேட்க. நாங்கள் மூன்று பேரும் பேசாமல் கேட்போம். முதலாளி அந்த நேரத்தில் பாட்டுப் பதிய வருகிறவர்களைக் கையைக் காட்டி நிறுத்திவைப்பார்.

மகள் வந்துவிட்டாள். பாலைவனத்தைத் தாண்டி, ஜோர்தான் எல்லையில் கூடாரத்தில் கிடந்து, விமானத்தில் கொழும்பு வந்து, அங்கிருந்து மாத்தளை வந்து சேர்ந்தாள். மழையில்லாத ஒரு நாள், வெயில் நேரத்தில், அம்மா கடை வாசலில் நின்றதும் விஷயம் எனக்கு விளங்கிவிட்டது. பின்னால் மெலிந்த ஒரு பெண், உதடு வெடித்து, தலைமுடி கத்தரித்து.

"இவருதான்டி ஒன்னய அந்த டப்பாக்குள்ள தேடுனவரு" என்றார் அம்மா.

கசெட்டை எடுத்து வைத்தேன். அவள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

"அய்யோ, இது நீங்க பேசி அனுப்புறதுக்கும்மா! காலிக் கசெட்டுக்குப் பதிலாத்தான் அனுப்புனேன். இதுல பேசி அனுப்பச் சொல்லி அந்தக் கலேவெல அக்காகிட்ட எத்தனவாட்டி சொல்லி விட்டேன்."

வேலை செய்த வீட்டின் மூத்த மகன் வெளிநாட்டில் படித்தவனாம். அவன் அறையில் இப்படிப்பட்ட கசெட்டுகள் அலமாரி முழுக்க இருந்தனவாம். வேண்டாம் என்று குப்பைக் கூடையில் போட்டதில் ஒன்றை இவள் எடுத்து, மேல் விளிம்பில் இருக்கும் ஓட்டையை அடைத்தால்தான் மறுபடி பதிய முடியும் என்று அதற்கு டேப் ஒட்டி அனுப்பியிருக்கிறாள். ஆமாம், மேலே டேப் ஒட்டியிருந்தது. தினமும் நானும் அப்படி ஒட்டுகிறவன்தான். பார்த்தும் யோசிக்கவில்லை.

"இப்படித்தான் அந்தத் தம்பி நாள் பூரா போட்டுக்கிட்டு இருக்கும். நான் வெளிய நின்னு அயன் பண்ணுவேன். முதல்ல தலவலி. பொறகு பழகிருச்சு. பொறகு..." அவள் மேசையில் விரலால் தட்டினாள். மூன்று தட்டு, ஓர் இடைவெளி, இன்னொரு தட்டு.

நானும் தட்டினேன். அம்மா எங்கள் இருவரையும் பார்த்து, "ரெண்டுக்கும் ஒரே நோவு" என்றார்.

மாத்தளையில் அந்த ஆல்பத்தைத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதற்குப் பிறகு நான் தேடத் தொடங்கினேன். தம்புள்ளைப் பக்கம் சுற்றுலா ஹோட்டலில் வேலை செய்த ஒருவன், வெள்ளைக்காரர்கள் அறையில் விட்டுப் போகும் கசெட்டுகளை அவற்றின் மேல் வேறு பாட்டுப் பதிவதற்காக எங்கள் கடைக்குக் கொண்டு வருவான். அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் கேட்பேன். பெரும்பாலும் சாதாரணப் பாட்டுகள். எப்போதாவது ஒன்று வரும்: ஒரு பக்கம் முழுவதும் காற்றுப் போல ஒரே இரைச்சல், ஓர் இரும்பு உருளையை அடித்து அது ஓயும்வரை காத்திருக்கும் ஒன்று, ஆட்கள் பேசுவதை வெட்டி ஒட்டி ஒரு சொல்லும் விளங்காமல் செய்த ஒன்று. அவற்றை மட்டும் அழிக்காமல் ஒதுக்கி வைப்பேன். முதலாளி கண்டும் காணாதவர் போல இருந்தார். ஒரு நாள் அவரே ஒன்றைக் கொண்டு வந்து, "இது ஒன்ட ஜாதி போல இரிக்கி" என்று போட்டார். அது உண்மையிலேயே கெட்டுப்போன கசெட். அவர் மனம் நோகாமல் அதையும் முழுசாகக் கேட்டேன்.

அந்தப் பெண் அடுத்த வருடம் மறுபடி வெளிநாடு போனாள். இந்தத் தடவை லெபனான். வேண்டாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தார். லயத்தில் இருந்து என்ன செய்ய என்றாள். போன பிறகு ஒரு மழைப் பகலில் அம்மா வந்து, அந்தப் பழைய கசெட்டைத் தரச் சொன்னார்.

"பேசி அனுப்பணும் தம்பி."

"புதுக் கசெட் ஒன்னு நான் தர்றேன்மா. இது இருக்கட்டும்."

"இது எனக்குப் பேசத்தானே அனுப்புனா? இதுலயே பேசுறேன். ஒரு பக்கத்த அப்படியே விடச் சொன்னா. அவளுக்குக் கேக்கணுமாம், கேளுங்க கூத்த."

பலகை அறையில் உட்கார வைத்தேன். மற்ற டெக்கில் யாருக்கோ கல்யாணப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தேய்ந்த ஹெட் உள்ள டெக்தான் மிச்சம். அம்மா மைக்கைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார். மேடைப் பேச்சு ஒன்றும் இல்லை. இங்கே மழை, இன்றைக்குப் பால் வெட்டு இல்லை, நீ சாமான் அனுப்பிய அட்டைப் பெட்டியில் கோழி முட்டை போட்டிருக்கிறது என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார்.

பேசி முடித்ததும், வந்திருக்கிறதா என்று கேட்டார். ஓட்டி, நான் முதலில் கேட்டேன். அம்மாவின் குரல் தெளிவாக இருந்தது. அதற்கு அடியில், மிக மெலிசாக, தகரம் இழுபட்டுக்கொண்டிருந்தது. மூன்று தட்டு, ஓர் இடைவெளி, இன்னொரு தட்டு. டெக்கை மாற்றி மறுபடி பதிந்திருக்கலாம். ஹெட்போனைக் கழற்றி அவர் தலையில் வைத்தேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"உள்ள அந்தச் சத்தம் கேக்குதே."

"ஆமாம்மா. வேணும்னா அழிச்சுட்டு இன்னொருவாட்டி பேசலாம்."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேணாம் தம்பி. இருக்கட்டும். என் பேச்சு நல்லாக் கேக்குது" என்றார்.

கசெட்டைப் பொதி செய்து, விலாசத்தை நானே எழுதினேன். முதலாளி குடையை எடுத்துக்கொண்டு, தபால் கந்தோர் மூடுவதற்குள் அம்மாவோடு போனார்.